செவ்வந்திக்கு யாருமில்லை என்பதற்கான சான்று

ஜூன் 24, திங்கள்

செவ்வந்தியின் மனு தள்ளுபடியாகிவிட்டது. மேல்முறையீடு எழுத வேண்டும். நேராக மனு எழுத உட்கார்ந்தால் எனக்குக் கை ஓடுவதில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதி அடிக்கிறேன். அதனால் நடந்ததையும் நடப்பதையும் முதலில் இதில் எழுதிவைக்கலாம், பிறகு மனுவாகச் சுருக்கிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். எழுத வேண்டியவை:

1. சட்டப்படி செவ்வந்திக்கு யாருமில்லை.
2. யாராவது இருந்த காலத்தில் சட்டமே வந்து பிரித்துக்கொண்டு போனது.
3. குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து பதினெட்டு வயதில் வெளியே வந்த பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டண விலக்கு உண்டு. அது அவளுக்குப் பொருந்தும்.
4. டயர்க்கடை நாச்சிமுத்து அவளுக்கு எந்த வகையிலும் மாமன் அல்லர். குழப்பம் முழுவதும் அவர் வாயால் வந்தது.
5. எனக்கு யார்மீதும் கோபம் இல்லை.

ஐந்தாவதை மனுவில் சேர்க்கத் தேவையில்லை. முறைக்காக எழுதினேன்.

அவளுக்குப் பிசியோதெரபி படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. கட்டண விலக்குக்கு 'ஆதரவற்றவர்' என்று தாலுகா ஆபீஸ் சான்று தர வேண்டும். ஜூலை 12-க்குள் கல்லூரியில் கொடுக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

ஜூன் 25, செவ்வாய்

விசாரணை நடந்த விதத்தை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

போன வியாழக்கிழமை வருவாய் ஆய்வாளர் பைக்கில் வந்தார். சின்ன வயதுக்காரர், மரியாதையானவர். கேட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். அக்கம்பக்கத்தில் விசாரித்து எழுத வேண்டியது விதி என்றார். விசாரிக்கட்டும் என்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று யாரிடமும் நான் முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லை. சாட்சிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது முறையல்ல என்று நினைத்தேன். உண்மையில் நான்கு வீட்டுக் கதவைத் தட்டிப் பேசக் கூச்சமாகவும் இருந்தது.

முதலில் எதிர்வீட்டுப் பாவாத்தாள் வந்தார்.

"இந்தச் செவ்வந்திங்கற பொண்ணுக்குச் சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களாம்மா?"

"ஏனுங் இல்லாம? இந்தா நிக்கறாரே சாரு, இவருதான் அப்பன். ஆத்தா லோகநாயகி, பாவம், போய்ச் சேந்துட்டாங்க. புள்ள தங்கமுங்க. சமையல், தையல் அத்தனையும் வரும். ஒரு வார்த்தை எதுத்துப் பேசாது."

"வளர்ப்புப் பராமரிப்பில் இருந்தவள்" என்று நான் தாழ்ந்த குரலில் சொன்னேன்.

"சாரு அப்படித்தானுங்க, கூச்ச சுபாவம். நீங்க எழுதிக்கங்க. மாப்பிள்ளைக்கு என்ன வேலைங்க?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. புது ஆள் வந்து ஒரு பெண்ணைப் பற்றித் தெருவில் விசாரித்தால் இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கல்யாண விசாரணையில் சொந்தபந்தம் எத்தனை கூடுகிறதோ அத்தனை நல்லது. நான் திருத்துவதற்குள் தெருமுனையிலிருந்து நாச்சிமுத்து வந்துவிட்டார். கைகளில் கறுப்பு ரப்பர் தூள், தோளில் துண்டு.

"என்னங்க, எங்க புள்ளயப் பத்தி விசாரிக்கறீங்களாமா? நானுங்க தாய்மாமன். ரீட்ரேடிங் கடை நம்முளுது. சீரு செனத்தி ஒண்ணுலயும் கொறை வராது. எது வேணும்னாலும் எங்கிட்டக் கேளுங்க."

ஆய்வாளர் அறிக்கையின் நகல் என்னிடம் இருக்கிறது. 'தாய்மாமன் உயிருடன் உள்ளார். சொந்தமாக டயர்க் கடை நடத்துகிறார். பெண்ணை ஆதரிக்கத் தயாராக உள்ளார். எனவே மனுதாரர் ஆதரவற்றவர் அல்லர்.'

ஜூன் 26, புதன்

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. காயில் கம்பி எரிந்துவிட்டது என்கிறார்கள்.

ஜூன் 28, வெள்ளி

தாலுகா ஆபீஸ் போனேன். சான்றுகள் பிரிவு எழுத்தர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை வெளியே நின்றேன். கூப்பிட்டிருந்தால் உள்ளே போயிருப்பேன்.

நான் எடுத்துச் சொன்னேன். என் பெயர் தெய்வசிகாமணி, பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் இழைப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன், ஒன்பது வயதில் அந்தக் குழந்தையை இல்லத்திலிருந்து எங்கள் பராமரிப்பில் விட்டார்கள், தத்து அல்ல, என்றெல்லாம்.

"சார், உங்களால ஒரு பிரச்சினையும் இல்லீங்க" என்றார் எழுத்தர். "நீங்க வளர்ப்பு. அது எப்பவோ முடிஞ்சு போச்சு. உறவில்லைனு ஒரு உறுதிமொழி எழுதிக் குடுத்துருங்க, போதும். மாமன்தான் சிக்கல். ரத்த சொந்தமாச்சே."

"அவர் ரத்த சொந்தம் இல்லை."

"அறிக்கைல தாய்மாமன்னு இருக்குதுங்களே."

"அவர் சொன்னதைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள்."

"கேட்டு எழுதறதுதானுங்க சார் விசாரணை."

"அந்தக் குழந்தை இரண்டு வயதில் பஸ் ஸ்டாண்டில் பெண்கள் காத்திருக்கும் அறையில் கிடைத்தவள். தாய் யாரென்றே தெரியாது. தாய் தெரியாமல் தாய்மாமன் மட்டும் எப்படித் தெரிவார்?"

இதை நான் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் தோன்றியது. அங்கே, "அப்படிங்களா" என்று மட்டும் சொன்னேன்.

நாச்சிமுத்து, தான் மாமன் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் சான்று கொடுத்துவிடலாமாம்.

என் உறுதிமொழியை அங்கேயே அவர் நீட்டிய படிவத்தில் எழுதித் தந்துவிட்டேன். 'எனக்கும் மேற்படி செவ்வந்திக்கும் எவ்வித உறவும் இல்லை என உறுதி கூறுகிறேன்.' எழுத்தர் சொல்லச் சொல்ல எழுதினேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார். ஒரு சிரமமும் இல்லை.

வீட்டுக்கு வந்து மேல் தொட்டியைக் கழுவினேன். மோட்டார் இல்லாததால் தொட்டி காலி, கழுவ வசதி. உள்ளே இறங்கி நாரால் தேய்த்தேன். போன மாதம்தான் கழுவியது.

ஜூன் 29, சனி

இரண்டாவது குறிப்பைப் பற்றி.

என் மனைவி லோகநாயகிக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபோது செவ்வந்தி பதினொன்றாம் வகுப்பு. வாரம் இருமுறை பிசியோதெரபி பெண் ஒருத்தி வந்து கையை மடக்கி நீட்டப் பயிற்சி கொடுப்பாள். செவ்வந்தி பக்கத்தில் நின்று பார்த்து, மற்ற நாட்களில் தானே செய்வாள். லோகநாயகி வலியில் அவளைத் திட்டுவாள். "திட்டுங்கம்மா, திட்டறப்ப வாய் நல்லாக் கோணாம வருது" என்பாள் இவள். இருவரும் சிரிப்பார்கள்.

அந்த வருடமே லோகநாயகி இறந்தாள். காரியம் முடிந்த மறுவாரம் குழந்தைகள் நல அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். தனி ஆணின் வீட்டில் பெண் குழந்தையை வைத்திருக்க விதியில் இடமில்லை என்றார். விதியில் நியாயம் உண்டு என்றே அப்போதும் நினைத்தேன். பேப்பரில் என்னென்னவோ படிக்கிறோம். ஆனால் அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பரீட்சை முடியும்வரை பொறுத்திருக்கலாம். அன்றைய வாழைக்காய்ப் பொரியல் அடுப்பில் இருந்தது, அதைச் சாப்பிட்டுவிட்டுப் போக விட்டிருக்கலாம். என்ன சட்டம் இது? ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போது 'குடும்பச் சூழலில் வளர வேண்டும்' என்று அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். திருப்பி எடுக்கும்போது குடும்பமும் இல்லை, சூழலும் இல்லை, சாமான் மாதிரி ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

வாசலில் அவள் வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, "சார், கேஸ் மூடியிருக்குதான்னு படுக்கறப்ப ஒருக்காப் பாத்துக்கங்க" என்றாள்.

முதல் நாள் அவளைக் கொண்டுவந்து விட்ட அதிகாரி, "இவங்க அம்மா, இவரு சார்" என்று எங்களைக் காட்டினார். அதிலிருந்து லோகநாயகி அம்மா, நான் சார். மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

செவ்வந்தி வந்தாள். இப்போது பெண்கள் விடுதியில் தங்கி ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். ஞாயிறுதோறும் வருவாள். பால் கூடுதலாக வாங்கி வைத்திருந்தேன். சாயந்தரம் எனக்கும் காபி குடிக்கும் பழக்கம் உண்டு.

மோட்டாரைப் பார்த்துவிட்டு, "நாலு நாளாக் கொடத்துலயா தூக்கறீங்க? போன் பண்ண மாட்டீங்களா?" என்று சத்தம் போட்டாள். யாருக்கோ போன் செய்து மோட்டாரைக் கழற்றி அனுப்பிவிட்டாள். அப்புறம் அரிசிம்பருப்பு சாதம் செய்தாள்.

சாப்பிடும்போது நான் ஒரு யோசனை சொன்னேன். முதல் வருடக் கட்டணத்தை எப்படியாவது நான் புரட்டுகிறேன், சான்று மெதுவாக வரட்டும் என்று. வீடு ஏற்கெனவே லோகநாயகியின் வைத்தியத்துக்காக அடமானத்தில் இருக்கிறது. ஆனாலும் யோசித்தால் வழி இருக்கும்.

அவள் தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "சார், நீங்க ஒரு வருசம் கட்டுனீங்கன்னா எனக்கு ஆளிருக்குனு ஆயிரும். அப்புறம் மீதி வருசம் எல்லாத்துக்கும் சேத்து இல்லைம்பாங்க. எங்க விடுதில ஒரு அக்காவுக்கு அப்படித்தான் ஆச்சு. சித்தி ஒருத்தி பாவம் பாத்து ஒரு தவணை கட்டியிருக்குது. முடிஞ்சுது கதை."

"ஒருவர் ஒருமுறை உதவியதற்கா?"

"ஆமாங் சார். எங்களுக்கெல்லாம் ஒண்ணு முழுசா ஆளிருக்கோணும், இல்லாட்டி ஒருத்தருமே இருக்கக் கூடாது. கொஞ்சூண்டு இருந்தா ஆகாது." ஊறுகாயை என் பக்கம் தள்ளினாள். "மாமங்கிட்ட நீங்க பேசிப் பாருங்க. நீங்க சொன்னாக் கேப்பாரு."

அவளும் அவரை மாமன் என்கிறாள். திருத்தவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

நாச்சிமுத்துவின் கடைக்குப் போனேன். ரப்பர் வேகும் வாடை. என்னைக் கண்டதும் ஒரு லாரி டயரை உருட்டி வந்து அதன்மேல் சாக்கு விரித்து உட்கார வைத்தார்.

நான் நினைத்து வைத்திருந்த வரிசைப்படி சொன்னேன். அவர் கேட்டார். இடையில் பேசவே இல்லை. அதுவே அவர் வழக்கத்துக்கு மாறு.

"ஆக, நான் மாமன் இல்லைனு எழுதிக் குடுக்கோணும்."

"வெறும் தாள்தான். உண்மையும் அதுதானே."

"எதுங்க சார் உண்மை? அந்தப் புள்ள வயசுக்கு வந்தன்னிக்கு லோகநாயகியம்மா என்ற வூட்டு வாசப்படில வந்து நின்னாங்க. 'தம்பி, பச்சை ஓலை கட்டறதுக்குத் தாய்மாமன் வேணும், ஆருமில்ல, நீ வர்றயா'ன்னு கேட்டாங்க. நாங்க அண்ணந்தம்பி மூணு பேரும் ஆம்பளைங்க. கூடப் பொறந்த பொட்டப்புள்ள இல்லாதவன் நான். சாகற வரைக்கும் ஒரு சீருக்கு ஆகாதவன்னு என்ற ஆத்தா சொல்லிச் சொல்லி அழுகும். நான் குளிச்சு வேட்டி கட்டி, தென்னங்கீத்து வெட்டி, குச்சு கட்டுனேன். தட்டம் பதினோரு தட்டம். பொடவையை அவ தோளுல போட்டது இந்தக் கை. சாமி முன்னால வெச்ச சீரு. அத இல்லைங்கட்டுமா?"

"சடங்கு வேறு, சட்டம் வேறு, நாச்சிமுத்து."

"இருக்கட்டுமுங்க. இன்னொண்ணு சொல்றேன். உங்களுக்குத் தெரியாது. ஜீப்புல புள்ளயக் கூட்டிட்டுப் போனாங்களே, மக்யா நாளே நானும் என்ற சம்சாரமும் அந்த ஆபீசுக்குப் போனோம். எங்க வூட்ல பொம்பள இருக்குது, புள்ள எங்களோட இருக்கட்டும், நான் மாமனுங்கன்னு கேட்டேன். என்ன சொன்னாங்க தெரியுமா? 'சீரு வெச்சவனெல்லாம் மாமனாயிருவானா, போய்யா'ன்னாங்க. என்ற சம்சாரம் பஸ்ல அழுதுட்டே வந்தா. இப்ப அதே கவருமெண்டு வந்து, மாமன் நீ இருக்கற, அதனால அவளுக்குப் படிப்புக் கெடையாதுங்குது. அன்னிக்கு ஒரு ஆபீசு மாமன் இல்லைனுச்சு. இன்னிக்கு ஒரு ஆபீசு மாமன்னுது. அவிய இஷ்டத்துக்கு மாத்துவாங்க. நான் ஒரே பேச்சுத்தான் பேசிட்டிருக்கேன், நான் எதுக்குங்க மாத்தோணும்?"

இது எனக்குத் தெரியாது. அதன் பிறகு இரண்டு வருடம் ஒரே தெருவில் இருந்தும் அவர் சொல்லவில்லை.

"அவள் படிப்பு போய்விடும்" என்றேன்.

"போகாது."

"எப்படி?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங். போகாது."

இப்படிப்பட்ட மனிதரிடம் என்ன பேசுவது? தன் வீம்புக்காக ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்கிறார். டயரிலிருந்து எழுந்தபோது வேட்டியெல்லாம் கறுப்பு. சோப்புப் போட்டும் போகவில்லை.

ஜூலை 4, வியாழன்

மோட்டார் வந்துவிட்டது. தொட்டி நிறைந்து வழியும்வரை கவனிக்கவில்லை. பாவாத்தாள் வந்து சத்தம் போட்ட பிறகுதான் நிறுத்தினேன்.

ஜூலை 5, வெள்ளி

மனு எழுதி முடித்து நேரில் கொடுத்தேன். ஒரு பக்கம். நாச்சிமுத்து அந்த ஆபீசுக்குப் போய்க் கேட்ட கதையையும் அதில் சேர்த்தேன். 'மாமன் என்று சொல்லிக் கேட்டபோது மாமன் இல்லை என்று அனுப்பிய அரசு, இப்போது அவரை மாமன் என்று கொள்வது எந்த விதியின் கீழ் என்று அறிய விரும்புகிறேன்' என்று ஒரு வரி. வீட்டில் அதை அடித்திருந்தேன். படி எடுக்கும்போது மறுபடி வந்துவிட்டது. எழுத்தர் வாசித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், நீங்களா எழுதுனீங்க?"

"ஆமாம்."

"புதன்கிழமை தாசில்தார் அம்மா நேர்ல விசாரிப்பாங்க. மாமனைக் கூட்டிட்டு வந்துருங்க. அன்னிக்கும் ஆகலைன்னா ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

ஜூலை 7, ஞாயிறு

செவ்வந்தி வந்ததும் நேரே டயர்க்கடைக்குப் போனாள். ஞாயிறும் அவர் கடை திறந்திருக்கும். நான் தயிர் வாங்கப் போனவன், வழியில் நின்று கேட்க வேண்டியதாயிற்று.

"மாமா, எழுதிக் குடுத்துருங்க. எனக்காவ."

"உசிரக் கேளு அம்மிணி, குடுக்கறேன். இதக் கேக்காத."

"நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன் மாமா. தாளுதான?"

"நீ நெனைக்க மாட்ட. நாளைக்கு உன்ற கல்யாணத்துக்கு நான் எந்த மொகத்தோட வந்து மாமன் மொறை நிக்கறது? எழுதிக் குடுத்த கைல தட்டம் தூக்கச் சொல்றயா?"

"மொதல்ல கல்யாணத்துக்கு ஆளப் புடிங்க!"

"படிச்சு முடி, டாக்டராவே புடிக்கறேன்."

"படிக்க உட்டாத்தான!" அவள் குரல் உடைந்துவிட்டது. நான் தயிர்க்கடைப் பக்கம் போய்விட்டேன்.

சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டாள்: "சார், உங்களையும் எழுதிக் கேட்டாங்களா?"

"ஆமாம்."

"எழுதிக் குடுத்துட்டீங்களா?"

"அன்றே கொடுத்துவிட்டேன். என்னால் தாமதம் ஆகக் கூடாது என்று."

"அங்கயே நின்னு எழுதிட்டீங்களா?"

"ஆமாம். சின்னத் தாள்தான்."

"சரிங் சார்" என்றாள். கொஞ்சம் கழித்து, "நல்லதுங் சார். மாமன் மாதிரி இழுக்காம" என்றாள்.

சரியாகச் சாப்பிடவில்லை. வெயில் அதிகம். வழக்கமாக ஆறு மணி பஸ்ஸுக்குப் போவாள், இன்று நாலு மணிக்கே போய்விட்டாள். பால் மிச்சம்; உறை ஊற்றிவிட்டேன்.

ஜூலை 8, திங்கள்

எழுத ஒன்றுமில்லை. தொட்டி நிறைந்திருக்கிறது.

ஜூலை 10, புதன்

எல்லாவற்றையும் நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

பதினோரு மணிக்குக் கூப்பிட்டார்கள். தாசில்தார் அம்மையார் மேசைக்கு அந்தப் பக்கம். ஆய்வாளர், எழுத்தர் பக்கத்தில். நாங்கள் மூவரும் நின்றோம். நாச்சிமுத்து கை கழுவி, வெள்ளை வேட்டி சட்டையில் வந்திருந்தார். பஸ்ஸில் எங்கள் இருவரோடும் பேசவில்லை.

அம்மையார் முதலில் என் தாளை எடுத்து உரக்க வாசித்தார். "எனக்கும் மேற்படி செவ்வந்திக்கும் எவ்வித உறவும் இல்லை என உறுதி கூறுகிறேன். இது உங்க கையெழுத்துத்தானே?"

"ஆமாம்" என்றேன். செவ்வந்தி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி. மாமன் யாரு?"

"நானுங்க."

"நீங்க எழுதிக் குடுக்க மாட்டேங்கறீங்களாமே? தாய்மாமன்தானா நீங்க?"

"ஆமாங்க."

"அப்ப இது உங்க அக்கா பொண்ணு."

"ஆமாங்க."

"அக்கா பேரு என்ன?"

நாச்சிமுத்து துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். "தெரியாதுங்க" என்றார்.

எழுத்தர் சிரித்துவிட்டார். அம்மையார் சிரிக்கவில்லை. "கூடப் பொறந்த அக்கா பேரே தெரியாதா?"

"ஆருக்குமே தெரியாதுங்கம்மா. இந்தப் புள்ளய பஸ் ஸ்டாண்டுல உட்டுட்டுப் போன மவராசி ஆருன்னு போலீசுக்கும் தெரியாது, இல்லத்துக்கும் தெரியாது. ஆராச்சும் சொன்னா நானும் தெரிஞ்சுக்கறேன். எங்க இருக்குதோ, இருக்குதோ இல்லியோ. எங்க இருந்தாலும் எனக்கு அக்காதானுங்க. அது வர முடியாத எடத்துல நான் போய் நின்னேன். பேரு தெரியாத அக்காளுக்குத் தம்பிங்க நான். அத மட்டும் இல்லைனு எழுதச் சொல்லாதீங்க."

ஆய்வாளர் தன் அறிக்கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம்" என்றார் அம்மையார். "நீங்க சொன்னதை நான் எழுதிக்கறேன்." எழுத்தரிடம் சொன்னார்: "எழுதுங்க. பெண்ணின் தாயாரின் பெயர் இவருக்குத் தெரியவில்லை. சடங்கு முறையில் மட்டும் தாய்மாமன். இரத்த உறவு இல்லை. சான்று வழங்கலாம்." பிறகு ஆய்வாளரிடம், "அன்னிக்கே இந்த ஒரு கேள்வியக் கேட்டிருந்தா இவங்க இத்தனை தூரம் அலையணுமா?" என்றார். அவர் முகம் சிவந்தது.

முடிந்துவிட்டது. எழுத்தர் காகிதக் கட்டை மூடப் போனார். அப்போது நான் பேசினேன். ஏன் பேசினேன் என்று தெரியவில்லை.

"என் தாளில் ஒரு சொல் சேர்க்க வேண்டும்."

"சார்!" என்று எழுத்தர் பல்லைக் கடித்தார். "காரியம் முடிஞ்சுது, சும்மா இருங்க."

"ஒரு சொல்தான். எவ்வித உறவும் இல்லை என்பதற்கு முன்னால் 'சட்டப்படி' என்று இருக்க வேண்டும். அது இல்லாமல் அந்த வாக்கியம் பொய். பொய்யான உறுதிமொழி கொடுப்பது குற்றம் என்று அதே தாளின் கீழே அச்சாகியிருக்கிறது. எழுதச் சொல்லிக்கொடுத்தபோது யாரும் அதைச் சொல்லவில்லை. எட்டாண்டு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டர் வைத்தவனை எவ்வித உறவும் இல்லை என்று எழுத வைக்கிறீர்கள். அந்தப் பிள்ளையை எதிரில் நிற்க வைத்து அதை உரக்க வாசிக்கிறீர்கள். எனக்கு இது..."

மேலே வரவில்லை. எட்டாண்டு என்றது பிசகு, எங்களோடு ஏழாண்டுதான்; பிறகு இரண்டாண்டு அவள் இல்லத்தில் இருந்தாள். காய்ச்சலும் இரண்டு முறைதான். ஆனால் சொல்லிவிட்டேன்.

அம்மையார் தாளை என் பக்கம் திருப்பி, பேனாவைக் கொடுத்தார். 'சட்டப்படி' என்று மேலே எழுதி, பக்கத்தில் சிறு கையெழுத்துப் போட்டேன். கோணலாகத்தான் வந்தது.

வெளியே வந்ததும் நாச்சிமுத்து இளநீர் வாங்கினார். "சாரு பேசுவாருன்னு எனக்குத் தெரியாம போச்சே" என்றார். செவ்வந்தி இளநீர்க் குழாயைக் கடித்துக்கொண்டே, "எனக்கும்தான்" என்றாள். அப்புறம் என் சட்டைப் பையில் மை ஒழுகியிருந்ததைக் காட்டித் திட்டினாள். மூடாத பேனாவைப் பைக்குள் வைத்துவிட்டிருக்கிறேன். அது தாசில்தாருடையது.

ஜூலை 11, வியாழன்

சான்று கிடைத்தது. 'மேற்படி நபருக்கு ஆதரவளிக்க உறவினர் எவரும் இல்லை.' செவ்வந்தி இன்றே கல்லூரிக்குப் போய்க் கொடுத்துவிட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

அவளைக் கல்லூரி விடுதியில் சேர்க்கப் போனோம். நாச்சிமுத்து புதுப் பெட்டி, வாளி, பாய், எவர்சில்வர் டப்பா எல்லாவற்றையும் அவர் கடை வேனில் ஏற்றியிருந்தார். பெட்டிக்குக் குங்குமம் வைத்திருந்தது. "சீரு இல்லீங்க சார், சும்மா" என்றார். நான் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிப் போயிருந்தேன். மருந்துக் கடையில் வேலை பார்த்த பெண்ணுக்கு எதற்கு என்று இப்போது தோன்றுகிறது. வாங்கிக்கொண்டாள்.

விடுதிக் காப்பாளர் சான்றைப் பார்த்தார். கட்டணம் இல்லை என்று சீல் வைத்தார். அடுத்து இன்னொரு தாளை நீட்டினார்.

"லோக்கல் கார்டியன் கையெழுத்து வேணும். சொந்தக்காரங்கதான் போடணும். இல்லாம ஹாஸ்டல்ல சேக்க முடியாது."

"சொந்தக்காரர் யாரும் இல்லை என்று நீங்கள்தானே சான்று கேட்டீர்கள்? அது உங்கள் கையிலேயே இருக்கிறது" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. பின்னால் வரிசையில் நின்ற பெற்றோர்கள் திரும்பினார்கள்.

"அது ஃபீஸுக்குங்க சார். இது ஹாஸ்டலுக்கு. பொண்ணுக்கு ராத்திரி உடம்பு சரியில்லைன்னா நாங்க யாருக்குப் போன் பண்றது? ஆளில்லாத பொண்ண எப்படிங்க சேத்துக்கறது?"

ஒரே கட்டடம். ஒரு ஜன்னலில் ஆளில்லை என்று நிரூபிக்க வேண்டும், அடுத்த ஜன்னலில் ஆளைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இதை எழுதியவர்கள் எப்போதாவது ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஜன்னலிலும் நின்றிருப்பார்களா? அந்தத் தாளைக் கிழித்துப் போடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. நான் அப்படியெல்லாம் நினைக்கிறவன் அல்லன்.

செவ்வந்தி என்னைப் பார்க்கவில்லை. "மாமா" என்றாள்.

நாச்சிமுத்து முன்னால் வந்தார். என் பேனாவை வாங்கி, பெயர் எழுதினார். போன் நம்பர் எழுதினார். உறவு என்ற இடத்தில் எழுத்துக் கூட்டி, நிதானமாக, 'தாய்மாமன்' என்று எழுதினார். கீழே இன்னொரு வரி காலியாக இருந்தது. பேனாவை என்னிடம் நீட்டி, "ரெண்டாவது ஆளுக்கு நீங்க போடுங்க" என்றார். போட்டேன். உறவு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது செவ்வந்தி தாளை இழுத்து, தானே 'சார்' என்று எழுதிவிட்டாள். காப்பாளர் இரண்டையும் படிக்கக்கூட இல்லை. சீல் வைத்தார்.

திரும்பும் வழியில் நாச்சிமுத்து வேனை ஓரம் கட்டி, வண்டிச் சக்கரங்களைப் பார்ப்பது போல் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் போய் நின்றார். நான் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து மோட்டார் போட்டேன். கேஸ் மூடியிருக்கிறது, பார்த்துவிட்டேன்.

மனு வேலை முடிந்துவிட்டதால் முதல் நாள் எழுதிய ஐந்து குறிப்புகளையும் சரிபார்த்தேன். மற்றவற்றில் மாற்றமில்லை. நான்காவது குறிப்பு தவறு. நாச்சிமுத்து அவளுக்கு மாமன்தான்.